குறைகளை மறைக்காமல் பழைய ஜீப்பை விற்பது எப்படி?

விற்பதென்று முடிவெடுத்த அன்று இரவு, ஜீப்பின் வயிற்றுக்குக் கீழே ஓர் அட்டையை விரித்து வைத்தேன். ஃபிரிட்ஜ் வந்த பெட்டியை வெட்டியெடுத்த துண்டு. காலையில் இழுத்துப் பார்த்தால் ஒன்பது சொட்டுகள். ஐந்து டிரான்ஸ்பர் கேஸுக்கு (எஞ்சினின் இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) நேர் கீழே, மூன்று கியர்பாக்ஸுக்குக் கீழே, ஒன்று முன்சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிளுக்குக் கீழே. ஒவ்வொன்றையும் பேனாவால் வட்டமிட்டு, எந்த இடத்துச் சொட்டு என்று எழுதி, தேதி போட்டு, அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தேன். வண்டி பார்க்க வந்தவர்கள் ஏழு பேர். ஆறு பேர் அந்த அட்டையைப் பார்த்து முகம் சுளித்தார்கள். ஏழாவது ஆள் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு வட்டத்தையும் படித்தார். அவர்தான் வாங்கினார்.

வண்டி 1968ஆம் ஆண்டு மகிந்திரா சிஜே3பி. 1947இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கிய மகிந்திரா, பின்னாளில் இங்கேயே தயாரித்த மாடல்களில் ஒன்று. பானெட் தூக்கலாக இருக்கும். ‘ஹரிகேன்’ பெட்ரோல் எஞ்சின் உயரம் அதிகம் என்பதால், அதற்கு இடம் கொடுக்க 1953இல் அமெரிக்காவில் செய்த மாற்றம் அது. என்னுடையது கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு மேட்டுப்பாளையத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குள் ஒன்பது ஆண்டுகள் கிடந்தது. 1,40,000 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டரை ஆண்டுகளில் 3,90,000 ரூபாய் செலவு செய்தேன். 4,15,000 ரூபாய்க்கு விற்றேன். கணக்குத் தெரிந்தவர்கள் இங்கேயே சிரித்துவிடலாம்.

பழைய ஜீப்பை மீட்டெடுக்கும் வேலை ஒருநாளும் முடியாது. பணமோ பொறுமையோ வீட்டாரின் சகிப்போ ஏதாவது ஒன்று முதலில் தீர்ந்துபோகும், அங்கே வேலை நிற்கும். அப்படி நின்ற இடத்தில் மிச்சமிருக்கும் குறைகளோடு வண்டியை எப்படி விற்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை: வண்டிக்குச் சரியான பெயர் வையுங்கள்

இருபது வருட வண்டியைக்கூட இப்போது ‘விண்டேஜ்’ என்கிறார்கள். சட்டத்தில் அந்தச் சொல்லுக்குத் திட்டமான பொருள் இருக்கிறது. 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த பிரிவுகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேலாகியிருக்க வேண்டும். சொந்த உபயோக வண்டியாக இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. புதிதாக விண்டேஜ் பதிவு செய்ய 20,000 ரூபாய் கட்டணம். ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் தருவார்கள். அதன்பின் அந்த வண்டியைக் கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினசரி ஓட்டத்துக்கு அல்ல.

என் ஜீப்புக்கு வயது இருந்தது, தகுதி இல்லை. எண்பதுகளின் கடைசியில் யாரோ பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அடாப்டர் தகடு வைத்து பியூஜோ டீசல் எஞ்சினைப் பூட்டியிருந்தார்கள். அந்தக் காலத்தில் பெட்ரோல் செலவு தாங்காமல் பலரும் செய்த காரியம்தான். ஆகவே விளம்பரத்தில் ‘விண்டேஜ்’ என்று நான் எழுதவில்லை. ‘1968 ஜீப், டீசலுக்கு மாற்றியது, மீட்டெடுத்தது’ என்று எழுதினேன். தொலைபேசி அழைப்புகள் குறைந்தன. வந்த அழைப்புகள் உருப்படியானவையாக இருந்தன.

இன்னொன்று, ஃபோர்வீல் விஷயம், அதாவது நான்கு சக்கரங்களும் இழுக்கும் வசதி. நம் ஊரில் ஓடும் பல ஜீப்புகள் பின்சக்கரங்கள் இரண்டு மட்டும் இழுக்கும்படி வெளிவந்து, பிற்பாடு பட்டறையில் ஃபோர்வீல் ஆக்கப்பட்டவை. உங்களுடையது அப்படியென்றால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். விவரம் தெரிந்தவர் வண்டிக்கு அடியில் குனிந்த இரண்டாவது நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மைகளையும் அவர் நம்ப மாட்டார்.

குறைகளை மூன்றாகப் பிரியுங்கள்

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். முன் பம்பரில் தொடங்கி, இடப்புறம், பின்புறம், வலப்புறம், உள்ளே, கடைசியில் அடியில். கண்ணில் படுவதையெல்லாம் எழுதுங்கள். மறுநாள் நாற்பது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, ஓடும்போது தெரிந்தவற்றைச் சேருங்கள். என் நோட்டில் முதல் சுற்றிலேயே 31 குறைகள். நான் ‘முடித்துவிட்ட’ வண்டி அது!

பிறகு அவற்றைப் பிரிக்க வேண்டும். ஆளைக் கொல்லக்கூடியவை, தொல்லை தருபவை, அந்த வண்டியின் பிறவிக் குணங்கள் என்று நான் மூன்று பத்திகளாகப் பிரித்தேன்.

பிறவிக் குணம் என்றால் என்ன? சிஜே3பியில் பிரேக் ஒரே சுற்றில் ஓடுகிறது. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். சீட் பெல்ட் கிடையாது. டிரான்ஸ்பர் கேஸ் ஒழுகும். நடுத்தண்டு வழியாக எண்ணெய் கசிவது அந்த டிரான்ஸ்பர் கேஸின் குலவழக்கம், புது சீல் போட்டாலும் கொஞ்ச நாளில் தன் வேலையைக் காட்டும். ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கும். இதெல்லாம் உங்களுக்குப் பழகிப் போயிருக்கும் என்பதால் எழுத மறந்துவிடுவீர்கள். ஆனால் நேற்றுவரை மகிந்திராவின் புது ‘தார்’ ஜீப்பை ஓட்டியவருக்கு இவை எல்லாமே அதிர்ச்சி. அவரிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

தொல்லைகள் என்று நான் எழுதியவை: டீசல் முள் வேலை செய்யவில்லை (குச்சி விட்டுப் பார்க்க வேண்டும்). வலப்பக்க வைப்பர் பாதி வழியில் நின்றுவிடும். இடது பின்மூலையில் பெயிண்ட் உள்ளங்கையளவு குமிழியிட்டிருக்கிறது. கூரைத் துணியின் ஜிப் ஒன்று பழுது. காலை நேரத்தில் ஸ்டார்ட் ஆனதும் அரை நிமிடம் வெள்ளைப் புகை.

சில குறைகள் எந்தப் பத்தியில் போகும் என்பது வாங்குபவரைப் பொறுத்தது. என் ஜீப்பில் இரண்டாவது கியர் தானாகக் கழன்றுகொள்ளும். சமதளத்தில் இழுக்கும்போது ஒன்றும் இருக்காது. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, எஞ்சினின் இழுவையில் இறங்கும்போது ‘டக்’கென்று நியூட்ரலுக்கு வந்துவிடும். லீவரை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் கோத்தகிரியிலிருந்து இறங்குவேன். கியர்பாக்ஸை இறக்கிச் சரிசெய்ய 28,000 ரூபாய் கேட்டார்கள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் ஓட்டுகிறவருக்கு இது தொல்லை. கொடைக்கானலில் ஓட்டுகிறவருக்கு இது எமன். கொடைக்கானலிலிருந்து ஒருவர் வந்தார். வண்டி மிகவும் பிடித்துவிட்டது, முழுப் பணமும் தருகிறேன் என்றார். கியர்பாக்ஸ் வேலையை முடித்த பிறகுதான் உங்களுக்குத் தருவேன், ஒரு மாதம் ஆகும் என்றேன். அவர் காத்திருக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

எதைச் சரிசெய்வது, எதை விடுவது

ஆளைக் கொல்லக்கூடியவை என்ற பத்தியில் இருப்பதை எல்லாம் சரிசெய்யுங்கள். அல்லது அந்த வண்டியை ஓடும் வண்டியாக விற்காதீர்கள். லாரியில் ஏற்றிக்கொண்டு போகும் நிபந்தனையோடு, அதற்கேற்ற விலைக்குக் கொடுங்கள். இடைப்பட்ட வழி எதுவும் இல்லை.

இந்த மாதிரி ஜீப்புகளில் குறிப்பாகப் பார்க்க வேண்டிய நான்கைந்து இடங்கள் உண்டு. பிரேக் குழாய்களும் மாஸ்டர் சிலிண்டரும் முதலில். அடுத்து டீசல் டாங்க். இருக்கைக்கு அடியில் இருப்பதால் கசிவு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. ஸ்டியரிங்கில் பிறவி ஆட்டத்தைத் தாண்டிய ஆட்டம்: முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் சக்கரம் திரும்பும் மூட்டிலுள்ள கிங்பின் பேரிங் போயிருக்கிறதா என்று தெரிந்துவிடும். சேசிஸில் ஸ்பிரிங் பட்டைகள் மாட்டியிருக்கும் இடங்களின் துரு. டயரின் வயது, பள்ளம் ஆழமாக இருந்தாலும் பக்கச் சுவர் வெடித்திருந்தால் அது டயரே இல்லை.

ஹேண்ட் பிரேக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்பக்கம், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் புறப்படும் இடத்தில் ஒரு சின்ன டிரம்மில் இருக்கிறது. அங்கேயிருக்கும் ஆயில் சீல் போனால் எண்ணெய் நேராக டிரம்முக்குள் போய் லைனிங்கை நனைத்துவிடும். லீவரை எவ்வளவு இழுத்தாலும் வண்டி நிற்காது. பலர் கேபிளை இறுக்கிக்கொண்டே இருப்பார்கள். நானும் ஆறு மாதம் இறுக்கினேன். டிரம்மைக் கழற்றிப் பார்த்தபோது லைனிங் எண்ணெயில் ஊறிய வடைபோல் இருந்தது. சீலையும் லைனிங்கையும் மாற்றினேன். நடுத்தண்டுக் கசிவை அப்படியே விட்டேன். அட்டையில் விழுந்த ஐந்து சொட்டுகளும் அங்கிருந்து வருபவைதான். ஒரே இடத்தில் இரண்டு கசிவு: ஒன்று வண்டியை உருளவிடும், மற்றொன்று தரையை அழுக்காக்கும். இந்த வித்தியாசத்தை வாங்குபவருக்குச் சொல்லத் தெரிந்தால் பாதி வியாபாரம் முடிந்தது.

பெயிண்டில் மட்டும் காசைக் கொட்டாதீர்கள். விற்பதற்கு முன் புதிதாக பெயிண்ட் அடித்த பழைய வண்டியைப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். விவரமுள்ளவர்கள் சட்டைப் பையில் காந்தம் வைத்திருப்பார்கள். தகரத்தில் ஒட்டும் காந்தம், பட்டி பூசிய இடத்தில் வழுக்கி விழும். என் இடது பின்மூலையில் அது விழும். விழும் என்று நானே சொல்லி, காந்தத்தை நானே கொடுத்தேன்.

சட்டத்திலும் இதற்கு ஒரு கோடு இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆவது பிரிவு. தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பது மோசடி என்கிறது. வாயை மூடிக்கொண்டிருப்பது பொதுவாக மோசடி ஆகாது. ஆனால் ஓட்டை விழுந்த தகரத்தின்மேல் பட்டியும் பெயிண்டும் பூசி ‘துருவே இல்லை’ என்று விற்பது சும்மா இருப்பதில் சேராது.

காகிதம் பாதி வண்டி

இங்கேதான் பெரும்பாலான விற்பனைகள் கவிழ்கின்றன. விளம்பரம் போடுவதற்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

ஆர்சி புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு வண்டியோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். சேசிஸ் எண், எஞ்சின் எண், எரிபொருள், நிறம், இருக்கைகள். என் ஆர்சியில் எஞ்சின் மாற்றமும் டீசலும் முறையாக ஏற்றப்பட்டிருந்தன. முப்பது வருடத்துக்கு முன் அந்தப் புண்ணியத்தைச் செய்தவர் யாரென்று தெரியாது. ஏற்றாமல் எஞ்சினை மாற்றிய வண்டிகள்தான் அதிகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. உங்கள் வண்டியில் அப்படி மாற்றம் இருந்து, ஆர்சியில் இல்லையென்றால், குறைகளின் பட்டியலில் அதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும். ஒழுகும் சீலைவிடப் பெரிய குறை அது. ஏனென்றால் அதைப் பட்டறையில் சரிசெய்ய முடியாது.

நிறத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜீப் என்றாலே எல்லாருக்கும் ராணுவப் பச்சை ஆசை வரும். எனக்கும் வந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆவது விதிப்படி, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. என் ஆர்சியில் சாம்பல் என்று இருந்ததால் சாம்பலே அடித்தேன். ஏற்கெனவே பச்சையில் இருக்கும் வண்டியை விற்கிறீர்கள் என்றால், இதையும் சொல்லித்தான் விற்க வேண்டும். முன்னால் கனமான இரும்புக் காப்புக் கம்பி பூட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். அதற்கு 2017இலேயே தடை வந்துவிட்டது.

அடுத்தது சேசிஸ் எண். மீட்டெடுக்கும்போது மணல் பீய்ச்சித் துருவை எடுத்து, எபாக்சி அடித்து, அதன்மேல் இரண்டு கோட் கறுப்பு அடித்திருப்பீர்கள். பொறித்த எண் அதற்குள் புதைந்திருக்கும். பென்சில் பிரிண்ட் (எண்ணின்மேல் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து எடுக்கும் பிரதி) எடுக்கும் நாளில்தான் இது தெரியவரும். எண் வராவிட்டால் அதிகாரியின் பார்வை மாறிவிடும். நான் தின்னரில் நனைத்த துணியை எண்ணின்மேல் பத்து நிமிடம் ஒட்டிவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து எடுத்தேன். உப்புத்தாள், கம்பி பிரஷ், கிரைண்டர் எதையும் அங்கே கொண்டுபோகாதீர்கள். தேய்த்த தடம் தெரிந்தால், திருட்டு வண்டியோ என்று கேட்பார்கள். கேட்பதும் நியாயம்தான்.

கையால் எழுதிய பழைய ஆர்சி புத்தகம் என்றால், வண்டியின் விவரங்கள் அரசின் ‘வாகன்’ இணையதளத்தில் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் ஆர்டிஓ அலுவலகத்தில் மனு கொடுத்து ஏற்றிய பிறகுதான் பெயர் மாற்றமே நகரும். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு முதலில் 15 ஆண்டுகள். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் கார், ஜீப்புகளுக்கு 5,000 ரூபாயாக உயர்ந்தது. 2025இல் 20 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 10,000 ஆனது. பசுமை வரி தனி. என் ஆர்சியில் 14 மாதம் மிச்சம் இருந்தது. அதையும் விளம்பரத்தில் போட்டேன். வாங்குபவரின் அடுத்த செலவு அது.

கடன் எப்போதோ முடிந்திருந்தும் ஆர்சியில் நிதி நிறுவனத்தின் பெயர் நிற்கலாம். படிவம் 35 கொடுத்து நீக்கிவிடுங்கள். அந்த நிறுவனமே இப்போது இல்லையென்றால் அலைச்சல் உண்டு. அதற்காகத்தான் இரண்டு மாதம் என்றேன்.

விலை

செலவழித்ததைக் கூட்டி விலை வைக்காதீர்கள். நீங்கள் மூன்று முறை கழற்றி மாட்டிய ஃபுளோர் தகட்டுக்கு யாரும் மூன்று முறை காசு தர மாட்டார்கள். அதே நிலையில் குறையே இல்லாமல் இருந்தால் என்ன போகும் என்று நாலு பேரிடம் கேளுங்கள்: ஒரு மெக்கானிக், ஒரு புரோக்கர், சமீபத்தில் வாங்கியவர், சமீபத்தில் விற்றவர். புரோக்கர் குறைத்துச் சொல்வார், விற்றவர் கூட்டிச் சொல்வார். எனக்கு ஐந்து லட்சத்தை ஒட்டி ஒரு தொகை கிடைத்தது.

அதிலிருந்து குறைகளைக் கழியுங்கள். ஒவ்வொன்றுக்கும் பட்டறையில் கேட்ட தொகையை எழுதுங்கள். கியர்பாக்ஸ் 28,000. டிரான்ஸ்பர் கேஸைப் பிரித்து நடுத்தண்டு, பேரிங், சீல் மாற்ற 14,000. பின்மூலையில் தகரம் வெட்டி ஒட்டி பெயிண்ட் அடிக்க 11,000. சில்லறைகள் 7,000. மொத்தம் 60,000. அதோடு அலைச்சலுக்காக இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். வாங்குபவர் பட்டறைக்கு நடக்கும் நாட்களுக்கும் விலை உண்டு. 4,30,000 என்று சொல்லி 4,15,000க்கு முடித்தேன். பேரம் பேச வந்தவர்களிடம் அந்தத் தாளைக் காட்டினேன். ‘கியர் கழன்றுகொள்கிறதே, ஐம்பது குறையுங்கள்’ என்றவரிடம், ‘இருபத்தெட்டு ஏற்கெனவே குறைத்திருக்கிறேன், பாருங்கள்’ என்று சொல்ல முடிந்தது. பட்டியலில் இல்லாத குறையை யாராவது கண்டுபிடித்தால் மட்டும் இறங்கினேன். ஒருவர் கண்டுபிடித்தார். பின்கதவுச் சங்கிலியின் கொக்கி ஒன்று வளைந்திருந்தது.

படமும் விளம்பரமும்

மழை நின்ற மாலை வெளிச்சத்தில் எடுத்த படங்களில் எந்த வண்டியும் ராஜாவாகத்தான் தெரியும். அப்படி ஒன்றிரண்டு போடுங்கள், தவறில்லை. மீதியை உச்சி வெயிலில், உலர்ந்த வண்டியை எடுங்கள். குறை ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், பக்கத்தில் அளவு தெரிய ஐந்து ரூபாய் நாணயம். அடிப்பாகத்தைக் கழுவாமல் எடுங்கள். அடியில் பளபளவென்று புது கறுப்பு அடித்த படம், நான் மேலே சொன்ன சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் வீடியோ ஒன்று கட்டாயம் வேண்டும். பானெட்டில் கை வைத்து, எஞ்சின் குளிர்ந்திருப்பதைக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். வெட்டாமல் எடுங்கள். என் வீடியோவில் இரண்டாவது முயற்சியில்தான் பிடித்தது. அப்படியே போட்டேன்.

விளம்பரத்தை நான் இப்படித் தொடங்கினேன்:

“1968 மகிந்திரா சிஜே3பி. ஃபோர்வீல் அசல், வேலை செய்கிறது. எஞ்சின் அசல் அல்ல: பியூஜோ டீசல், ஆர்சியில் ஏற்றியது. இறக்கத்தில் இரண்டாவது கியர் கழன்றுகொள்ளும். டிரான்ஸ்பர் கேஸ் ஒழுகும், இரவுக்கு ஐந்து சொட்டு. இடது பின்மூலையில் பட்டி இருக்கிறது. பிரேக், டாங்க், டயர், ஹேண்ட் பிரேக் இந்த ஆண்டு செய்தவை, ரசீது உண்டு. மலையில் ஓட்டுபவர்கள் கியர்பாக்ஸ் செலவையும் சேர்த்துக் கணக்கிடவும். முழுப் பட்டியல் கேட்டால் அனுப்புகிறேன்.”

நண்பர் ஒருவர் படித்துவிட்டு, பெண்ணுக்கு வரன் தேடும்போது இப்படித்தான் எழுதுவாயா என்று கேட்டார். எழுதலாம் என்றேன்.

வண்டி பார்க்க வரும் நாள்

எஞ்சினைச் சூடாக்கி வைக்காதீர்கள். அவர் வரும்போது குளிர்ந்தே இருக்கட்டும். ரசீதுகள், பழைய பாகங்கள், மீட்டெடுத்தபோது எடுத்த படங்கள் எல்லாம் மேசைமேல் இருக்கட்டும். துரு ஓட்டைகளோடு கிடந்த ஃபுளோரின் படமும், புதுத் தகடு வைத்துப் பற்றவைத்த படமும் அருகருகே இருந்தால், பட்டிக்கு அடியில் என்ன இருக்குமோ என்ற பயம் போய்விடும். என்னிடம் எல்லா இடத்துக்கும் படம் இல்லை. ஃபுளோருக்கு அடியில் தொப்பி வடிவத்தில் ஓடும் சட்டங்களில் தண்ணீர் தேங்கித் துரு பிடிக்கும். அந்த வேலையைச் செய்த வாரம் நான் ஊரில் இல்லை. அங்கே என்ன செய்தார்கள் என்று எனக்கே முழுதாகத் தெரியாது என்பதைச் சொன்னேன். வந்தவர் திருப்புளியின் கைப்பிடியால் தட்டித் தட்டிக் கேட்டார். ‘கணீர்’ என்றால் தகரம், ‘தொப்’பென்றால் பட்டி. பெரும்பாலும் கணீர் என்றது.

குறைகளை முதலில் காட்டுங்கள். நான் சாக்பீஸால் ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் எண் போட்டிருந்தேன். பட்டியலிலும் அதே எண். அது முடிந்த பிறகு நல்லவற்றைப் பற்றி அவராகவே கேட்பார்.

ஓட்டிப் பார்க்கக் கொடுப்பதற்கு முன் ஓட்டுநர் உரிமத்தைப் பாருங்கள். இன்சூரன்ஸ் உயிரோடு இருக்க வேண்டும். முதலில் நீங்கள் ஓட்டுங்கள், அவர் பக்கத்தில். கியர் கழன்றுகொள்ளும் இறக்கத்துக்கு வேண்டுமென்றே கூட்டிப்போய்க் காட்டுங்கள். பிறகு அவர் ஓட்டட்டும். பிரேக்கைப் புது வண்டியைப்போல நம்ப வேண்டாம், முன்வண்டியிலிருந்து இருமடங்கு தூரம் விடுங்கள் என்று சொல்லுங்கள். ஃபோர்வீலைத் தார்ச்சாலையில் போட்டுக் காட்டாதீர்கள். முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டி; இறுகிக்கொண்டால் லீவரை விடுவிப்பதற்குள் வியர்த்துவிடும். ஈர மண்ணோ மணலோ பாருங்கள். எங்கள் தெருக்கோடியில் வீடு கட்ட மணல் கொட்டியிருந்தது, வசதியாகப் போய்விட்டது.

அவர் தன் மெக்கானிக்கைக் கூட்டிவர விரும்பினால் சந்தோஷமாக ஒப்புக்கொள்ளுங்கள். அந்த மெக்கானிக்கின் வாயால் உங்கள் பட்டியல் சரியென்று வருவதைவிடப் பெரிய சிபாரிசு கிடையாது.

பணமும் எழுத்தும்

அட்வான்ஸ் வாங்கும்போதே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: வண்டி விவரம், விலை, மீதிப் பணம் தரும் தேதி, பின்வாங்கினால் அட்வான்ஸ் என்ன ஆகும். இரண்டாவது தாள் அந்தக் குறைப் பட்டியல். ‘மேற்கண்ட 24 குறைகளையும் நேரில் பார்த்து, ஓட்டிப் பார்த்து, இருக்கும் நிலையில் வாங்குகிறேன்’ என்று எழுதி இருவரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டோம். (31இல் ஏழைச் சரிசெய்திருந்தேன்.) ஆளுக்கொரு பிரதி.

பணத்தை வங்கி வழியாக வாங்குங்கள். ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டப்படி தடை இருக்கிறது. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம், அதுவும் பணத்தை வாங்கிய உங்களுக்கு.

பெயர் மாறும்வரை அது உங்கள் வண்டி

‘படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், நான் நிதானமாக மாற்றிக்கொள்கிறேன்’ என்பார்கள். கொடுக்காதீர்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், கார் பலரிடம் கைமாறிக் கைமாறிப் போயிருந்தது. விபத்துக்கு இழப்பீடு கொடுக்க வேண்டியவர், ஆர்சியில் பெயர் இருந்தவர்தான் என்று தீர்ப்பு வந்தது. வண்டியைக் கண்ணால் பார்த்துப் பல காலமானவர் அவர்.

படிவம் 29 விற்பவர் தரும் அறிவிப்பு, படிவம் 30 பெயர் மாற்ற விண்ணப்பம். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் நீங்கள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேறு மாநிலத்துக்குப் போகிற வண்டி என்றால் படிவம் 28இல் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். கேரளத்திலிருந்து ஜீப் தேடி வருபவர்கள் நிறைய. சான்று கைக்கு வரும்வரை வண்டியும் என் வாசலிலேயே நிற்கும் என்று முதல் அழைப்பிலேயே சொல்லிவிட்டேன். இன்சூரன்ஸையும் 14 நாட்களுக்குள் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும்படி வாங்குபவரிடம் சொல்லுங்கள். வண்டியை ஒப்படைக்கும் நாளும் நேரமும் எழுதி, அவர் கையெழுத்தோடு ஒரு ரசீது வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிமிடத்துக்குப் பிறகு வரும் அபராதச் சீட்டுகளுக்கு அதுதான் உங்கள் பதில்.

நாங்கள் இருவரும் சேர்ந்தே ஆர்டிஓ அலுவலகம் போனோம். பென்சில் பிரிண்ட் ஒரே தேய்ப்பில் தெளிவாக வந்தது. பதினேழு நாள் கழித்து, பெயர் மாறியதாகக் குறுஞ்செய்தி வந்தது. அன்று ஃபாஸ்டாகை மூடினேன், விளம்பரத்தை நீக்கினேன். பரணில் கிடந்த ஒரு பெட்டி அப்போதுதான் நினைவுக்கு வந்தது: இரண்டு ஆயில் சீல், பழைய டீசல் முள், ஹரிகேன் எஞ்சினின் கார்புரேட்டர். வாங்கியவருக்குப் பொள்ளாச்சி பஸ்ஸில் பார்சல் போட்டேன். அட்டையை அவர் வண்டியோடு எடுத்துப் போயிருந்தார்.